விசைப்படகு இன்ஜின்: குளிரூட்டும் பகுதியையும் மின்பகுதியையும் பாதுகாப்பாகப் பராமரிக்க முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களில் காசிமேட்டில் இன்ஜின் ரூமுக்குள் எப்போதும் ஒரு புதுக்கை இறங்கியிருக்கும். போட்காரரின் மகனாக இருக்கலாம், ஐ.டி.ஐ. முடித்த பையனாக இருக்கலாம். ஸ்பேனர் பிடிக்க எல்லோருக்கும் தெரிகிறது. எதை முதலில் கழற்றுவது என்பதில்தான் சறுக்குகிறார்கள்.

கடல்நீர் பம்ப் சொட்டுகிறது என்று வையுங்கள். அந்தச் சொட்டு பக்கத்தில் இருக்கும் டைனமோ மேலேயோ செல்ஃப் மோட்டார் மேலேயோ தெறிக்கும். டைனமோ கெட்டால் பேட்டரி இறங்கும், ஒயர் முனையில் மாட்டும் லக் பச்சை பிடிக்கும், எர்த் தளரும். எர்த் தளர்ந்தால் டெம்பரேச்சர் மீட்டர் பொய் சொல்லும். அந்தப் பொய்யை நம்பி, சூட்டுக்கேற்பத் திறந்து தண்ணீர் விடும் நல்ல தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவார்கள். அதனால் தண்ணீர்ப் பக்கத்தை முழுக்க முடித்துவிட்டுத்தான் ஒயரில் கை வைக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையில்தான் போகிறது.

இங்கே சொல்வது ஹீட் எக்ஸ்சேஞ்சரும் (கடல்நீரால் இன்ஜின் தண்ணீரை ஆற்றும் பகுதி) 24 வோல்ட் மின்சாரமும் உள்ள உள்-இன்ஜின் டீசல் படகுகளுக்கு. படகின் அடியில் குழாய் ஓடும் கீல் கூலர் வகையில் கடல்நீர் பம்ப் பற்றிய பகுதிகளைத் தாண்டிவிடலாம். ஃபைபர் படகின் அவுட்போர்டுக்கு, கரை வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு உள்ளே அலசுவதே குளிரூட்டும் பராமரிப்பில் பாதி. பேட்டரி, ஒயர் பகுதிகள் அதற்கும் பொருந்தும். 24 என்று வரும் இடங்களில் 12 வோல்ட் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. இறங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

புது இம்பெல்லர், அதன் கேஸ்கெட் அல்லது ஓ-ரிங், பென்சில் ஜிங்க், ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளிப்புகள், கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர். மின்பக்கத்துக்கு மல்டிமீட்டர், பேட்டரி ஆசிட்டின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர், லக் அழுத்தும் கிரிம்பிங் கருவி, உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க், சரியான ஆம்பியர் ஃப்யூஸ்கள். மல்டிமீட்டரையும் தூர நின்று சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரையும் ரிச்சி தெருவில் வாங்கலாம். ஹோஸ் வாங்க லிங்கிச் செட்டித் தெரு போனால் பழைய ஹோஸில் ஒரு துண்டை வெட்டி எடுத்துப் போங்கள். வாயால் அளவு சொல்லி வாங்கினால் இரண்டாவது முறையும் போக வேண்டி வரும்.

உடம்புக்கு: கண்ணாடி, ரப்பர் கையுறை, ரப்பர் அடி உள்ள செருப்பு அல்லது ஷூ. கைலியோடு இறங்காதீர்கள். ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கைலி நுனியும் தோள் துண்டும் போதும், ஆளையே உள்ளே இழுக்க. மோதிரம், காப்பு, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் மேலேயே கழற்றி வையுங்கள். பேட்டரி முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே ஒரு காப்பு சிக்கினால் அது நொடியில் பழுக்கக் காயும்.

தனியாக வேலை செய்ய வேண்டாம். மேலே ஒருவர் இருக்கட்டும். கூப்பிட்டால் குரல் கொடுத்தால் போதும், வேறு வேலை வேண்டாம்.

2. சூடாக இருக்கும்போதே மீட்டரைச் சோதியுங்கள்

தடைக்கு முந்தைய கடைசிப் பயணம் முடிந்து படகு கட்டியதும், இன்ஜினை நிறுத்துவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். ஆறிய பிறகு மீட்டரின் யோக்கியதை தெரியாது.

தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் கருப்பு டேப் ஒன்றை ஒட்டி, அதன்மேல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டுங்கள். பளபளப்பான உலோகத்தில் நேராகக் காட்டினால் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும், டேப் அதற்குத்தான். நல்ல நிலையில் உள்ள இன்ஜின் பெரும்பாலும் 75 முதல் 90 டிகிரி செல்சியசுக்குள் நிற்கும். மீட்டருக்கும் இதற்கும் சில டிகிரி வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. மீட்டர் சிவப்பில் நிற்க, டேப்பில் 80 என்று வந்தால் கோளாறு தண்ணீரில் இல்லை, ஒயரில் இருக்கிறது.

பழைய முள் மீட்டரில் இன்னொரு சோதனை உண்டு. சென்சார் ஒயரைக் கழற்றினால் முள் குளிர்ந்த பக்கம் சாய வேண்டும். அந்த ஒயரை ஒரு கணம் பிளாக்கில் தொட்டால் சூடான பக்கம் ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் சரி, சந்தேகம் சென்சார் மேல் திரும்பும். கம்ப்யூட்டர் பெட்டி உள்ள புது இன்ஜின்களில் இதைச் செய்யவே கூடாது.

ஒரு வருடம் ஒரு தம்பி ஓடி வந்தான். “அண்ணே, முள்ளு ரெட்லயே நிக்குது, தெர்மோஸ்டாட்டத் தூக்கிட்டேன், அப்பவும் இறங்கல.” மீட்டர் பலகைக்குப் பின்னால் எர்த் ஒயர் துருப்பிடித்து விட்டுப்போயிருந்தது. அதை வைத்ததும் முள் இறங்கியது. தெர்மோஸ்டாட்டைத்தான் தேட வேண்டியிருந்தது, யாரோ கடலில் எறிந்துவிட்டார்கள்.

3. இன்ஜினை யாரும் எழுப்ப முடியாதபடி செய்யுங்கள்

கியரை நியூட்ரலில் வைத்து இன்ஜினை நிறுத்துங்கள். சாவியை எடுங்கள். பேட்டரி கட்-ஆஃப் ஸ்விட்சை அணைத்து, எதிர்முனையை, அதாவது நெகட்டிவ் கேபிளை, முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறிப் பிளாக்கில் பட்ட கணமே ஷார்ட். நெகட்டிவ் போன பிறகு ஸ்பேனர் எங்கே பட்டாலும் பாதை முழுமையாகாது. மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

இன்ஜின் ஓடும்போது கட்-ஆஃப் ஸ்விட்சை அணைக்கக் கூடாது. டைனமோவுக்குப் போக்கிடம் இல்லாமல் வோல்ட்டேஜ் எகிறி அதன் டயோடுகள் போய்விடும்.

அடுத்து, கடல்நீர் உள்ளே வரும் வால்வான சீ-காக்கை மூடுங்கள். மூடிய கையோடு சாவியை அதன் கைப்பிடியில் கட்டித் தொங்கவிடுங்கள். இன்ஜினை எடுக்க வருகிறவன் சாவியைத் தேடி வால்வுக்கு வந்தாக வேண்டும். மூடிய வால்வோடு ஸ்டார்ட் செய்ய வழியே இல்லாமல் போகும். காசு செலவில்லாத பாதுகாப்பு இது.

4. சீ-காக்கும் ஜாலியும்

படகு தண்ணீரில் மிதக்கும்போது ஜாலியை, அதாவது ஸ்ட்ரெய்னரை, திறக்க வேண்டுமென்றால் சீ-காக் மூடியிருக்க வேண்டும். மூடினால் மட்டும் போதாது, மூடியதா என்று பார்க்கவும் வேண்டும். ஜாலி மூடியை அரைச் சுற்று தளர்த்திச் சற்றுக் காத்திருங்கள். கொஞ்சம் வடிந்து நின்றால் சரி. நிற்காமல் வந்தால் வால்வு உள்ளே அரித்துப்போயிருக்கிறது. உடனே மூடி இறுக்கிவிட்டு, படகு கரையேறும் நாளுக்கு அந்த வேலையைத் தள்ளுங்கள்.

ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில் அந்த ஓட்டைக்குப் பொருந்தும் கூம்பு மரக்கட்டை ஒன்று கயிற்றில் தொங்க வேண்டும். வால்வு கையோடு வந்துவிட்டால் அடைப்பதற்கு. வருடம் முழுவதும் திறந்தே கிடக்கும் வால்வு தேவைப்படும் நாளில் அசையாது. மாதம் ஒருமுறை மூடித் திறந்தால் அந்தத் தொல்லை இல்லை.

துறைமுகத் தண்ணீரில் பிளாஸ்டிக் பை, வலைத் துண்டு, சொறி மீன் எல்லாம் வரும். எண்ணூர்ப் பக்கம் ஓடும் படகுகளுக்குச் சேறும் சேரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்ததே, அப்படிப்பட்ட தண்ணீரில் ஓட்டியிருந்தால் ஜாலியைக் கழுவியதோடு நிறுத்தாமல் இம்பெல்லரையும் ரப்பர் ஹோஸையும் பார்க்க வேண்டும். எண்ணெய் ரப்பரை ஊதவைத்து மெத்தென்று ஆக்கிவிடும்.

வாட்டர்லைனுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு ஹோஸ் முனைக்கும் இரண்டு கிளிப். கிளிப்பின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், துரு அங்கேதான் தொடங்கும்.

5. இம்பெல்லர்: அதிகம் பேர் விழும் இடம்

கடல்நீரை இழுக்கும் பம்புக்குள் இருப்பது இறக்கைகள் கொண்ட ஒரு ரப்பர் உருளை. ஓடும் தண்ணீர்தான் அதற்கு எண்ணெய். தண்ணீர் இல்லாமல் ஓடினால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே இறக்கைகள் கருகத் தொடங்கும்.

அதனால்தான் இந்தத் தவறு அவ்வளவு விலையானது: படகைக் கரையேற்றி வைத்திருக்கும்போது, “எடுக்குதான்னு ஒரு தடவ பாக்கலாம்” என்று சாவி போடுவது. கரையில் ஓட்டியே ஆக வேண்டுமென்றால் பம்பின் உறிஞ்சும் ஹோஸை ஒரு பெரிய டிரம் தண்ணீரில் போடுங்கள். டிரம் குறையக் குறைய ஒருவர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பம்ப் மூடியைத் திறந்ததும் இறக்கைகள் எந்தப் பக்கம் வளைந்திருக்கின்றன என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுப்பவர்கள் பம்பின் வாயைக் கீறிவிடுகிறார்கள். கீறல் வழியே காற்று இழுத்தால் பம்ப் தண்ணீர் தூக்காது. இழுக்கும் கருவி இல்லையென்றால் மூக்கு நீண்ட குறடால் நடுப்பகுதியைப் பிடித்து இழுங்கள்.

எடுத்ததும் இறக்கைகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் புதியதை மாட்டுவதற்கு முன் அந்தத் துண்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அது எங்கும் போயிருக்காது, ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயிலோ வளைவு ஹோஸிலோ உட்கார்ந்திருக்கும். தேடாமல் புது இம்பெல்லர் போட்டு, ஒரு வாரத்தில் மறுபடி சூடேறி, இம்பெல்லர் போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புதியதைக் கிளிசரின் அல்லது சோப்புத் தண்ணீர் தடவி, ஷாஃப்ட் சுற்றும் திசையில் திருகியபடியே உள்ளே தள்ளுங்கள். கிரீஸ் வேண்டாம். பெட்ரோலிய கிரீஸ் ரப்பருக்கு ஆகாது.

பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதன் வழியே கடல்நீர் சொட்டினால் தண்ணீர் சீல் போய்விட்டது, எண்ணெய் வந்தால் எண்ணெய் சீல். சொட்டு பிடிக்கவில்லை என்று எம்-சீல் வைத்து அந்தத் துளையை அடைப்பவர்கள் உண்டு. அடைத்தால் கடல்நீர் வெளியே வர வழியின்றி இன்ஜின் எண்ணெய்க்குள் போகும். சீலை மாற்றுங்கள், துளையை விட்டுவிடுங்கள்.

தடைக்காலம் முழுக்க இம்பெல்லரைப் பம்புக்குள்ளேயே விடவும் கூடாது. இரண்டு மாதம் ஒரே நிலையில் அழுந்திய இறக்கைகள் வளைந்தபடியே நின்றுவிடும். கழற்றிச் சாவியோடு சேர்த்துக் கட்டி வைத்துவிட்டு, ஜூனில் மாட்டலாம்.

6. ஹீட் எக்ஸ்சேஞ்சரும் ஜிங்க்கும்

ஹீட் எக்ஸ்சேஞ்சரில் கடல்நீர் குழாய்களுக்குள் ஓடும், இன்ஜினின் நன்னீர் அவற்றைச் சுற்றி ஓடும். இரண்டும் கலப்பதில்லை. இரு பக்க மூடியையும் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். கொட்டலசு, சிப்பி, உப்புப் படிவம், ரப்பர் துண்டு என்று என்னென்னவோ கிடைக்கும். குழாய்களை மூங்கில் குச்சியால் குத்துங்கள், இரும்புக் கம்பி மெல்லிய குழாய்ச் சுவரைக் கிழித்துவிடும்.

படிவம் கல்லாக இறுகியிருந்தால் அதற்கென்று விற்கும் டீஸ்கேலர் போடலாம். பாத்ரூம் ஆசிட்டை அப்படியே ஊற்றுவது வேண்டாம். பித்தளையையும் சால்டரையும் தின்றுவிடும், அலுமினியக் கூடு என்றால் இன்னும் மோசம். இந்த வேலையை மேலே, காற்றோட்டத்தில் செய்யுங்கள். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. அதே பக்கெட்டில் முன்பு பிளீச்சிங் பவுடர் கலக்கியிருந்தால் வேறு பக்கெட் எடுங்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், இன்ஜின் ரூம் போன்ற மூடிய இடத்தில் உயிரையே எடுத்துவிடும்.

பென்சில் ஜிங்க் பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். கரைவதுதான் அதன் வேலை, அது கரையாவிட்டால் குழாய் கரையும். மாற்றும்போது அதன் மரையில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். உலோகத்தோடு உலோகம் தொட்டால்தான் ஜிங்க் வேலை செய்யும். டெம்பரேச்சர் சென்சாருக்கும் இதே விதிதான், அது மரை வழியாகத்தான் எர்த் எடுக்கிறது.

படகின் அடியில் உள்ள ஜிங்க் கட்டிகளின் மேல் பெயின்ட் அடிக்க விடாதீர்கள். வருடா வருடம் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயின்டருக்கு எல்லாம் ஒரே பரப்புதான். காகிதம் ஒட்டி மறைப்பது நம் பொறுப்பு.

7. கூலன்ட், மூடி, தெர்மோஸ்டாட், பெல்ட்

சூடான இன்ஜினின் கூலன்ட் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும்; மூடி விலகி அழுத்தம் விட்டதும் சட்டென்று கொதித்து ஆவியோடு முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று ஆகி, கை தாங்கும் சூட்டுக்கு வந்த பிறகு, கோணித் துணி போர்த்தி முதல் பள்ளம் வரை மட்டும் திருப்பி அழுத்தத்தை விடுங்கள்.

“நம்மூர்ல பனியா கொட்டுது, கூலன்ட் எதுக்கு?” என்று கேட்காத ஆள் இல்லை. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். கொதிநிலையை உயர்த்துவதும் உள்ளே துரு பிடிக்காமல் காப்பதும் நமக்கு வேண்டியவை. கலக்கும் தண்ணீர் டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும். கடலோரத் தெருக்களின் போர் தண்ணீர் குடிக்கவே முடியாத உப்பு, அதை இன்ஜினுக்குள் விட்டு வேகவைத்தால் கல்தான் மிஞ்சும். இரண்டு வகைக் கூலன்ட்டைக் கலந்தால் கொழகொழவென்று திரியலாம், மாற்றும்போது முழுக்க வடித்து அலசுங்கள். பழையது இனிப்பாக இருக்கும், விஷம். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பிடித்து வைக்காதீர்கள், கடலிலும் ஊற்றாதீர்கள்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க அடுப்பில் ஒரு சட்டித் தண்ணீரும் ஒரு தெர்மாமீட்டரும் போதும். அதன்மேல் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் புதியது. தெர்மோஸ்டாட் இல்லாமலே ஓட்டுவது தீர்வல்ல. சில இன்ஜின்களில் தண்ணீர் குறுக்கு வழியே சுற்றி, இன்னும் அதிகம் சூடேறும்.

பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள், சுமார் ஒரு செ.மீ. இறங்கினால் போதும். தொளதொளவென்று இருந்தால் வழுக்கும்: தண்ணீரும் சுற்றாது, சார்ஜும் ஏறாது. அடியில் கருப்புத் தூள் கொட்டிக் கிடந்தால் பெல்ட் வழுக்கிய தடயம் அது.

8. கரண்ட் பக்கம் போகும் முன் ஒரு நாள்

கூலன்ட் நிரப்பிய பிறகு எல்லா இணைப்புக்கு அடியிலும் பழைய செய்தித்தாளை விரித்து ஓர் இரவு விடுங்கள். காலையில் ஈரப்பொட்டு இருக்கும் இடம் கசிவு. அதை மூடாமல் ஒயர் வேலை தொடங்கினால் புது லக்கும் பழைய கதைதான். படகு கரையில் இருந்தால் கடல்நீர்ப் பக்கத்தை மறுபடி தண்ணீரில் இறக்கிய அன்று இதேபோல் பார்க்க வேண்டும்.

9. பேட்டரி

முதலில் மூக்கு. லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். சமையலுக்கு வைத்திருக்கும் எல்.பி.ஜி.யோ காற்றைவிடக் கனம், கசிந்தால் படகின் அடிப்பள்ளமான பில்ஜில் போய்த் தேங்கும். இன்ஜின் ரூமைக் கொஞ்ச நேரம் திறந்து போட்டு, நாற்றம் இல்லையென்று உறுதி செய்துவிட்டே எந்த ஸ்விட்சையும் தொடுங்கள். பேட்டரி தண்ணீர் பார்க்கத் தீக்குச்சி வேண்டாம், டார்ச்.

ஓய்வில் சில மணி நேரம் இருந்த 12 வோல்ட் பேட்டரி முழுச் சார்ஜில் 12.6, 12.7 காட்டும். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பாருங்கள். ஆறில் ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த பேட்டரி நடுக்கடலில் கைவிடும்.

24 வோல்ட்டுக்கு இரண்டு பேட்டரிகள் தொடராக நிற்கின்றன. இரண்டும் ஒரே வயது, ஒரே அளவாக இருக்க வேண்டும். கெட்டது ஒன்றுதானே என்று ஒன்றை மட்டும் மாற்றினால், பழையது புதியதையும் சேர்த்துக் கெடுக்கும். பாட்டுப் பெட்டிக்கும் போன் சார்ஜருக்கும் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் இழுப்பது இன்னொரு தவறு. இழுபட்டது எப்போதும் குறையாகவும் மற்றது அளவுக்கு மீறியும் சார்ஜ் ஏறி, இரண்டும் சீக்கிரம் போகும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள்.

கத்திரி வெயிலில் தண்ணீர் வேகமாக வற்றும். தகடு மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள், ஆசிட் ஊற்றக் கூடாது. முனையில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைத் தூளைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவுங்கள். அந்தத் தண்ணீர் செல்லுக்குள் போகாதபடி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். முனையை இறுக்கிய பிறகே வாசலின் தடவ வேண்டும். தடைக்காலத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். காலியாகக் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் இறுகிவிட்டால் மீட்பது கடினம்.

10. ஒயர், எர்த், ஃப்யூஸ்

வீட்டு வயரிங்கின் ஒற்றைக் கம்பி ஒயரைப் படகில் போடாதீர்கள், அதிர்வில் உள்ளுக்குள்ளேயே ஒடியும். பல இழை உள்ள, ஈயம் பூசிய செம்பு ஒயர் நல்லது. பழைய ஒயரின் தோலை உரித்தால் செம்பு கறுத்திருக்கும். பளிச்சென்ற செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். வெட்டி மிச்சம் பத்தவில்லையென்றால் புது ஒயர். இணைப்பில் லக் வைத்து அழுத்தி, ஹீட் ஷ்ரிங்க் போட வேண்டும். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியது ஒரு மழைக்குத் தாங்காது.

முழத்துக்கு ஒரு கிளிப் போட்டு ஒயரைப் பிடித்துக் கட்டுங்கள். கருவிக்குள் நுழையும் முன் ஒயர் சற்றுக் கீழே தொங்கி மேலேறட்டும், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

ஃப்யூஸ் காப்பது ஒயரை. அதனால் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் அது இருக்க வேண்டும். அதற்கு முன்னால் உள்ள ஒயருக்குப் பாதுகாப்பே கிடையாது. எரிந்த ஃப்யூஸுக்குப் பதில் சிகரெட் அட்டை வெள்ளித்தாளைச் சுற்றினால் அடுத்து எரியப்போவது ஒயர்.

செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் புது பேட்டரி வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். கேபிள்களை மாட்டி, இன்ஜின் பற்றாதபடி டீசல் கட்-ஆஃபை இழுத்துப் பிடித்து, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து 5 விநாடி செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளில் கோளாறு. அதேபோல் பேட்டரி பாசிட்டிவுக்கும் செல்ஃபின் பெரிய முனைக்கும் நடுவே பாருங்கள். கரையில் இருந்தால் இம்பெல்லர் வெளியே இருக்கும்போதே இதை முடித்துவிடலாம். தண்ணீரில் இருந்தால் நீண்ட நேரம் அடிக்காதீர்கள். ஈரப் புகைக்குழாய் (கடல்நீரைப் புகையோடு சேர்த்து வெளியேற்றும் வகை) உள்ள படகில் புகையின் தள்ளல் இல்லாமல் தண்ணீர் சைலன்சரில் நிறைந்து, பின்வழியே சிலிண்டருக்குள் போகும்.

பில்ஜ் பம்பின் தானியங்கி ஸ்விட்சுக்கு கட்-ஆஃப் ஸ்விட்சைத் தாண்டி தனி ஃப்யூஸோடு நேரடி இணைப்பு வேண்டும். ஆளில்லாதபோதுதான் அது வேலை செய்ய வேண்டும். அதன் ஒயர் இணைப்பு பில்ஜ் தண்ணீரில் முங்கிக் கிடந்தால் கசியும் கரண்ட், அருகிலுள்ள உலோகத்தை வாரக்கணக்கில் தின்றுவிடும்.

11. கரைக் கரண்டும் வெல்டிங்கும்

கிரைண்டருக்கும் விளக்குக்கும் இழுக்கும் 230 வோல்ட் லைனில் கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் ஈர டெக்கில் வேலை செய்யாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தரையில் வைக்காமல் கட்டித் தொங்கவிடுங்கள்.

இரும்புப் படகில் வெல்டிங் வைக்கும் நாளில் பேட்டரி இணைப்பையும் டைனமோ ஒயரையும் கழற்றியிருக்க வேண்டும். வெல்டிங் எர்த் கிளிப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கடிக்கட்டும். தூரத்தில் கடித்தால் கரண்ட் பேரிங்குகள் வழியாகப் போய் அவற்றைப் பொத்தல் போடும்.

12. முதல் ஸ்டார்ட்

இம்பெல்லர், கூலன்ட் அளவு, எண்ணெய், பெல்ட் காவல் தகடு, பிறகு சீ-காக். வால்வைத் திறந்தால் சாவி கைக்கு வரும். ஸ்டார்ட் ஆனதும் ஈரப் புகைக்குழாய் உள்ள படகில் அங்கேயும், மற்றவற்றில் வெளியேறும் குழாயிலும் கடல்நீர் வருகிறதா என்று பாருங்கள். அரை நிமிடத்தில் வராவிட்டால் நிறுத்திவிடுங்கள். ஓடும்போது பேட்டரி முனையில் 27.6 முதல் 28.8 வோல்ட் வர வேண்டும். குறைந்தால் சார்ஜ் ஏறவில்லை, கூடினால் ரெகுலேட்டர் போய் பேட்டரி வேகும்.

அரை மணி நேரம் ஓட்டி, டேப் மேல் சூடு பார்த்து, மீட்டர் காட்டும் இடத்தில் கண்ணாடியில் ஒரு கோடு போடுங்கள். இனி அந்தப் படகின் இயல்பு அதுதான். ஆறிய பிறகு கூலன்ட்டை மறுபடி பாருங்கள், உள்ளே சிக்கிய காற்று வெளியேறி அளவு இறங்கியிருக்கும்.

13. கடலில் முள் அந்தக் கோட்டைத் தாண்டினால்

வேகத்தைக் குறையுங்கள். வெளியேறும் தண்ணீரைப் பாருங்கள். வந்தால் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு இறங்குகிறதா என்று கவனியுங்கள். வராவிட்டாலோ ஏறிக்கொண்டே போனாலோ நங்கூரத்தைத் தயார் செய்து இன்ஜினை நிறுத்துங்கள். கல் தடுப்புக்கு அருகே இருந்தால் நங்கூரம் பிடித்த பிறகே நிறுத்த வேண்டும்.

முதலில் ஜாலி, அடுத்து பெல்ட், அடுத்து இம்பெல்லர். பெரும்பாலும் ஜாலியிலேயே பிளாஸ்டிக் பை கிடைக்கும். ஆவி பறக்கும் இன்ஜினுக்குள் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஹெட் விரிசல் விடும். தீ தெரிந்தால் தண்ணீர் அடிக்காமல் உலர் தூள் அணைப்பானை எடுங்கள், இன்ஜினை நிறுத்திக் கட்-ஆஃப் ஸ்விட்சை அணையுங்கள், இன்ஜின் ரூம் கதவை மூடுங்கள். உதவிக்கு வி.எச்.எஃப். சேனல் 16, போன் எட்டும் தூரம் என்றால் கடலோரக் காவல்படை எண் 1554. இரண்டையும் மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் பெயின்டில் எழுதி வையுங்கள்.